கட்டிலுக்கு விழுந்த நிழல்

சுண்டன்குளத்தில் மேசை நாற்காலிகளுக்கெல்லாம் மரத்து நிழல் விழ ஆரம்பித்தது அக்னி நட்சத்திரம் பிறந்த அன்று காலை பத்து மணி சுமாருக்கு; காக்கைகூடப் பறக்க யோசிக்கிற வெயிலில், பஸ் நிறுத்தத்தில் நின்ற ஏழு பேரும் மின்கம்பத்தின் ஒல்லி நிழலில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக ஒண்டிக்கொண்டு நின்ற நேரத்தில், டீக்கடை வாசலில் கிடந்த பழைய பெஞ்சுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று புறப்பட்டு, ரோட்டைக் கடந்து, எதிர்ச்சாரி உரக்கடைப் படிவரைக்கும் பரவி நின்றது. குனிந்து பார்த்தவர்களுக்கு அது வேப்ப மரத்தின் நிழல் என்று தெரிந்தது. அண்ணாந்து பார்த்தவர்களுக்கு வெறும் வானம் தெரிந்தது. ஏழு பேரும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மின்கம்பத்தை விட்டு வேப்ப நிழலுக்கு மாறிக்கொண்டார்கள். பஸ் வந்தபோது நாலு பேர்தான் ஏறினார்கள்.

உரக்கடைக்கு அடுத்த கடையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த சொரிமுத்து விற்பனைக்கு வெளியே போட்டிருந்த கட்டிலை அவசரமாக உள்ளே இழுத்துப் போட்டார். ஸ்ரீ அய்யனார் பர்னிச்சர் என்ற அந்தக் கடைக்கு முதலாளி, தச்சர், பாலீஷ்காரர், வாசல் கூட்டுகிறவர் எல்லாம் அவர் ஒருத்தர்தான். இருபத்தைந்து வருஷமாகச் சுற்று வட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் சீர்க் கட்டில் அவர் கடையிலிருந்துதான் போயிற்று, எல்லாம் தேக்கு. அதாவது, எல்லோரும் தேக்கு என்று நம்பியவை. வேம்போ, வாகையோ, மாவோ, கையில் கிடைத்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காவியையும் அரக்கையும் ஸ்பிரிட்டையும் தனக்கு மட்டும் தெரிந்த பக்குவத்தில் கலந்து, பஞ்சால் ஒன்பது தடவை இழுத்தாரென்றால், செங்கோட்டை மர டிப்போக்காரனே வந்தாலும் தேக்கென்று நம்பிக் கும்பிட்டுவிட்டுப் போவான். அவர் செய்த சாமான் உளுத்ததும் கிடையாது, ஆடியதும் கிடையாது. பெயர் ஒன்றுதான் பொய்.

ஊர் வழக்கம் அப்படி அவரைப் பொய் சொல்ல வைத்தது. சுண்டன்குளத்தில் சீர்க் கட்டில் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து விரல் கணுவால் அதை மூன்று தடவை தட்டுவார். தட்டிவிட்டு, தேக்குதான் என்று சொன்னால்தான் கட்டில் இறங்கும், கட்டில் இறங்கினால்தான் பெண் இறங்குவாள். தாய்மாமன்களில் பாதிப் பேருக்குத் தேக்குக்கும் தகரத்துக்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் தட்டு தட்டுதான்.

சொரிமுத்துவைப் பயப்படுத்தியது கடையில் விற்றதுகூட அல்ல, வீட்டில் கிடந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அவர் கல்யாணத்தில், கட்டிலைத் தட்ட வேண்டிய தாய்மாமனுக்குக் காது மந்தம்; "மாப்ள, நீதான் மரத்துல கை வச்சுப் பொழைக்கவன், நீயே தட்டிச் சொல்லிரு" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். சொரிமுத்து தட்டினார். முதல் தட்டிலேயே கை சொல்லிவிட்டது, பூவரசு என்று. இரண்டாவது தட்டும் பூவரசு. அவருடைய அக்கா செண்பகவடிவு கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுதவுகளுக்குத் தேக்கு எங்கயிருந்து வரும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள். பெண் ஆவுடையம்மாள் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தபடி காத்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா, வடக்குச்செவல் சைக்கிள் கடை தளவாய், தோள் துண்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். சொரிமுத்து மூன்றாவது தடவை தட்டிவிட்டு, "தேக்குதான், நல்லா முத்தின தேக்கு" என்றார்.

தளவாய் அப்போது ஒரு தடவை தலையை நிமிர்த்தி மருமகனைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. சொரிமுத்து அன்றைக்கே ஒன்றைக் கற்றுக்கொண்டார்: ஊருக்கு வேண்டியது மரம் இல்லை, ஒரு சொல். அந்தச் சொல்தான் மறுவருஷம் கடையாகவும் பெயர்ப் பலகையாகவும் ஆயிற்று. ஆவுடையம்மாளோ, "எங்கப்பா குடுத்த தேக்குக் கட்டிலு" என்று சொல்லாமல் ஒரு விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களோ இல்லையோ, கட்டிலுக்குச் சொரிமுத்து தன் கையால் ஒரு பூச்சு பாலீஷ் போட்டுவிடுவார், பூவரசு எங்கேயும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், சாப்பிடுவதற்கு முன் அந்தக் கட்டில் கிடந்த, ஜன்னல் இல்லாத உள்ளறைக்குள் போய், பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி, பல்பைக் கழற்றி வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். வெளிச்சம் இல்லாமல் நிழல் ஏது?

"பல்ப எதுக்குக் கழத்துதீக?" என்றாள் ஆவுடையம்மாள்.

"ஷாக் அடிக்கி."

"எனக்கு அடிக்கலியே."

"உன்ன அடிக்க அதுக்குப் பயமா இருக்கும்."

ஊர் ஆச்சரியப்பட்டது என்று சொன்னால் அது பொய். ஆச்சரியப்படலாமென்றுதான் எல்லோரும் நிழலில் போய் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்ததும் தூக்கம் வந்துவிட்டது. பெயரில் குளம் இருக்கிறதே தவிர, தாத்தன் காலத்திலேயே சுண்டிப்போன கரிசல் ஊர் அது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று அங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குள் நிழலின் நெளிவு சுளிவெல்லாம் எல்லோருக்கும் பிடிபட்டுப்போயிற்று: கட்டில் என்றால் முழு மரத்து நிழல், பெஞ்சு நீளமானால் அதற்கும் முழு மரம், முக்காலிக்கு ஒரு கிளை, சப்பாத்திக் கட்டைக்கு ஒரு கொப்பு, தீக்குச்சிக்கு ஒரே ஒரு இலை. வெயிலில் வைத்தால் தரையில் விழும், வீட்டுக்குள் வைத்தால் விளக்கு வெளிச்சத்துக்குச் சுவரில் ஏறும். மரம் நின்ற காலத்தில் அதில் என்ன இருந்ததோ அதுவும் நிழலில் இருக்கும். பஞ்சாயத்து ஆபீஸ் புளியம் பெஞ்சில் ஒரு தேன்கூடு தொங்கிற்று. நிழல்தானே என்று சொன்னாலும் அந்தப் பக்கம் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மலையாளத்திலிருந்து வந்த ரப்பர் மரத்து நாற்காலிகளுக்கு, வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நேர்நேரான நிழல், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் பிடிக்கும் சிரட்டை. கூரைக்குப் போட்ட பனங்கைகள் மட்டும் ஏமாற்றின. பனை நிழலும் நிழலோ, பகைவர் உறவும் உறவோ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். பட்டணத்திலிருந்து பார்சலில் வந்த பிளைவுட் மேசைக்கு என்ன மரமென்றே யாருக்கும் பிடிபடாத ஒரு கந்தரகோள நிழல் விழுந்தது, அதன்கீழ் உட்கார்ந்தவர்களுக்கு என்ன காரணத்துக்கோ வீட்டு ஞாபகமே மறந்துபோயிற்று. புளியங் கட்டிலில் படுத்து எழுந்தால் உடம்பு அடித்துப்போட்டது போல் வலித்தது, ஆகவே சில வீடுகளில் அதை நாலு நாளைக்கு மேல் தங்குகிற விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கினார்கள். ஒருத்தர் வீட்டு வேப்பம் பெஞ்சின் நிழல் அடுத்த வீட்டு வாசலில் விழுந்தால் அது யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. பஞ்சாயத்து அதை மூன்று தடவை கூடி, அந்த நிழலிலேயே உட்கார்ந்து விசாரித்து, கடைசியில் பெஞ்சு வைத்திருப்பவருக்குப் பெஞ்சு, நிழல் விழுகிறவருக்கு நிழல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்கப் போயிற்று.

இத்தனையும் நடக்கும்போது சொரிமுத்து கடை திறப்பதும், யாராவது அடிக்க வருகிறார்களா என்று ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். ஊரெங்கும் தேக்கு என்று அவர் விற்ற கட்டில்களுக்கு அடியில் வேம்பும் வாகையும் மாவும் விரிந்து கிடந்தன. எட்டாம் நாள் முதல் ஆளாக மேலத்தெரு பூலம்மாள் வந்தாள். போன தையில் மகளைக் கட்டிக்கொடுத்தவள், வாயால் ஊரைச் சுருட்டக் கூடியவள்.

"அண்ணாச்சி, எம்மவளுக்கு நீங்க குடுத்த கட்டிலு தேக்குன்னுதான சொன்னீக?"

"ஆமா."

"வேம்பு நெழலுல்லா விழுது."

சொரிமுத்து பஞ்சுப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று எழுந்து நின்றார்.

"அவ மாமியா, நாத்தனா, கொழுந்தன் பொண்டாட்டி, எல்லாம் இப்பம் எம்மவ அறையிலதான் கெடக்காவ. அவ சொன்னாத்தான் உள்ளயே விடுதா. இத்தன நாளு அடுக்களையில கெடந்தவளுக்கு ராணி மரியாதை. ரெண்டாவது மவளுக்குத் தேதி குறிச்சாச்சு, அவளுக்கும் அதே பொய்த் தேக்கே குடுத்துருங்க."

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஏறத்தாழ இதே பாட்டைத்தான் பாடினார்கள். சண்டைக்கு வந்த முதல் ஆள் ஏமாறாதவர். ரைஸ்மில் முதலாளி சங்கரலிங்கம், தானே செங்கோட்டைக்குப் போய் அடிமரம் பார்த்து வாங்கிவந்து, அறுக்கும்போதும் இழைக்கும்போதும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காரணத்தால், ஊரில் அவர் வீட்டுச் சாமான் மட்டும் அசல் தேக்கு. தேக்கு கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கிற மரம். காட்டில் நின்றபோதும் அப்படித்தான், கட்டிலான பிறகும் அப்படித்தான். அவர் வீட்டுக் கூடம் முழுக்கக் கருவாட்டு முள் மாதிரி மொட்டைக் கிளைகள் விழுந்து கிடந்தன.

"வே சொரிமுத்து, ஊருக்கெல்லாம் வேம்பக் குடுத்துட்டு, எனக்கு மட்டும் எதுக்குவே நெசத் தேக்கக் குடுத்தீரு? நான் உமக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?"

"நீங்கதான மொதலாளி பக்கத்துலயே உக்காந்திருந்தீக."

"நான் உக்காந்திருந்தா? நான் கண்ணசந்த நேரத்துலயாது மாத்திருக்கக் கூடாதா?"

தபால் ஆபீஸ் வேலாயுதம் மட்டும் ஏமாந்த கோபத்தோடு வந்தார். தேக்கென்று வாங்கியதில் விழுந்த வாகை நிழல் அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால், "நெழலு நல்லாருக்குங்கதுக்காவப் பொய்யி மெய்யாயிருமாவே?" என்று கேட்டார். வேலாயுதம் போனதும், சொரிமுத்து ஒரு சாக்கட்டியை எடுத்துக் கடையிலிருந்த ஒவ்வொரு சாமானிலும் அதன் மரத்தின் பெயரை எழுதினார். எழுதி முடித்தபோது, இருபத்தைந்து வருஷமாக முதுகில் இருந்த ஏதோ ஒன்றை இறக்கி வைத்தது போல் இருந்தது. அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்களுக்கு அவர் மரத்தைச் சொல்லித்தான் விற்றார். கூடத்துக்கு வேம்பு போடுங்கள், கரையானும் அண்டாது, மத்தியானம் நாலு பேர் படுக்கலாம் என்பார். படிக்கிற பிள்ளையின் மேசைக்கு வாகை போதும், இலை பொடிசு, நிழலுக்கு நிழலும் ஆச்சு, எழுத்தும் தெரியும் என்பார். மா மரத்து அலமாரி வேண்டாம், வண்டு விழும், நிழலில் அணில் ஓடிக்கொண்டே இருக்கும், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு மட்டும் அது நல்லது, பிள்ளை அழாது என்பார். வெறும் கையை வீசிக்கொண்டு வந்தவர்கள்கூடக் கேட்டுவிட்டுப் போனார்கள், கடையில் கூட்டம் முன்னைவிட இரண்டு மடங்கு.

கடைக் கவலை தீர்ந்த வேகத்தில் வீட்டுக் கவலை முற்றியது. ரைஸ்மில் சங்கரலிங்கம் கொஞ்ச நாள் புலம்பிவிட்டு, பிறகு தனக்குத் தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டார்: வேம்பு நிழலில் எவன் வேண்டுமானாலும் படுக்கலாம், மொட்டை நிழல் விழுகிறவன்தான் சொன்ன சொல்லுக்கு உண்மையானவன். இந்தப் பேச்சு கோயில் வாசலில் ஆவுடையம்மாள் காதில் விழுந்ததும், அவள் நேரே வீட்டுக்கு வந்தாள்.

"நம்ம கட்டிலத் தெருவுல போடப் போறேன்."

சொரிமுத்து சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "எதுக்கு?"

"அம்மன் கொடைக்கு மதினி வாராகள்ல. சைக்கிள் கடைக்காரருக்குத் தேக்கு ஏதுன்னு இருபத்தாறு வருசமாப் பேசுத வாயி. நம்ம வீட்டுக்கு வந்தா அந்தக் கட்டில்ல உக்காரக்கூட மாட்டாக. சாயங்கால வெயில்ல நடுத்தெருவுல போடுதேன், மொட்ட நெழலு விழும்லா, ஊரே பாக்கட்டும். எங்கப்பா பேரு அன்னைக்கு நிமிரும்."

சொரிமுத்து, வேண்டாம் என்றார். கட்டில் வெயிலில் வெடித்துவிடும் என்றார். தூக்குவதற்கு ஆள் இல்லை என்றார். முத்தின தேக்கு வெடிக்குமா என்று அவள் கேட்டாள், ஆளுக்கு நான் சொல்லிவிட்டேன் என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேரே தளவாய் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார், வாய் மூடிக்கொண்டது. இறந்துபோனவர் திரும்பி வந்து பதில் சொல்ல மாட்டார், அவருக்கு இருந்த சொத்தெல்லாம் மகள் அவர்மேல் வைத்திருந்த பெருமை ஒன்றுதான். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டார். அந்தக் கட்டிலை நான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிடுவது. மாமனார் கொடுத்தது அசல் தேக்கு, கடை வைக்கிற சமயத்தில் நான் அதை விற்றுத் தின்றுவிட்டு இதைச் செய்து போட்டேன் என்றால், கெட்ட பெயர் தன்னோடு போகும். ஆவுடை ஒரு வருஷம் பேசமாட்டாள், இரண்டு வருஷம்கூட ஆகலாம். இத்தனை வருஷம் பாலீஷ் போட்ட கைக்கு இன்னொரு பூச்சு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டார், நினைத்ததும் அழுகை வந்தது.

கொடைத் திருவிழாவன்று செண்பகவடிவு வந்தாள். நாலு மணிக்கு நாலு பேர் கட்டிலைத் தூக்கி வந்து, மேற்கே சரிந்த வெயிலில், நடுத்தெருவில் இறக்கினார்கள். கொடை பார்க்க வந்த கூட்டத்தில் பாதி இங்கே திரும்பிற்று. சங்கரலிங்கம் தனக்கு ஒரு துணை கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் முன்வரிசையில் நின்றார். ஆவுடையம்மாள் பட்டுப் புடவையில், கையைக் கட்டிக்கொண்டு, நாத்தனாருக்கு நேர் எதிரே நின்றாள்.

கட்டிலின் நாலு கால்களுக்கு நடுவிலிருந்து தடித்த அடிமரம் ஒன்று கிழக்கே நீண்டது, ஆள் உயரம் போய் இரண்டாகக் கவைத்தது, கவைத்த இரண்டும் நாலாகி, நாலும் எட்டாகி, மொட்டையாக நிற்கும் என்று எல்லோரும் காத்திருந்த இடத்தில் இலை இலையாகப் பொங்கி, அரச இலை போலவே இருந்தாலும் அந்த வால் மட்டும் இல்லாத கொழுத்த இலைகளாகத் தெருவை மூடி, ஏழு வீட்டு வாசல்களையும் மூடி, முன்வரிசையில் நின்றவர்களின் மேலெல்லாம் ஏறிக் குளிர்ந்தது.

"பூவரசு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

செண்பகவடிவு வாயைத் திறப்பதற்குள் சொரிமுத்து முன்னால் வந்துவிட்டார். "அக்கா, நீ ஒண்ணும் பேசாத. மாமா குடுத்தது தேக்குதான். கட போடுத நேரத்துல நான் அத வித்துட்டு, அதே மாதிரி இதச் செஞ்சு உள்ள போட்டேன். ஆவுடைக்குத் தெரியாது. குத்தம் பூராவும் என்னுது."

ஊரே ஆவுடையம்மாளைப் பார்த்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் சொன்னது காதில் விழுந்ததா என்பதே தெரியவில்லை. நிழலின் அடிமரத்தை ஒட்டி மெல்ல நடந்துகொண்டிருந்தாள், கவையைத் தாண்டினாள், வலதுபக்கக் கிளையோடு போனாள். அந்தக் கிளையின் நுனியில், இலைகளுக்குக் கீழே, வட்டமாக ஒன்று கயிற்றில் தொங்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு சைக்கிள் டயர். ஆவுடையம்மாள் அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பொய் சொல்லாதீக," என்றாள் புருஷனைத் திரும்பிப் பார்க்காமலே. "இது எங்கப்பா கடை."

தளவாய்க்குக் கடை என்று நாலு சுவர் கிடையாது. வடக்குச்செவலுக்குப் பாதை பிரிகிற விலக்கில் ரோட்டோரம் நின்ற ஒரு பூவரசுதான் கடை. வலது கிளையில் தொங்கிய டயர்தான் பலகை, கவையில் செருகியிருந்த தகரப்பெட்டிதான் அலமாரி. கல்யாணத்துக்கு முந்தின மாதம் ஆவுடையம்மாளைப் ரவிக்கை தைக்க, நகை பார்க்க என்று அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். மறுவீட்டுக்குப் போனபோது மரம் இல்லை. நாலு கம்பு நட்டு மேலே ஒரு சாக்கைக் கட்டி, அதன்கீழே அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மரத்தில் வண்டு விழுந்துவிட்டது, செங்கல் சூளைக்காரனுக்குத் தள்ளிவிட்டேன், உனக்குத் தேக்கு வாங்க அதுவும் ஒத்தாசையாக இருந்தது என்று சிரித்தார். அந்தச் சாக்கு நிழலில்தான் கடைசி ஒன்பது வருஷமும் உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் அவள் யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள். "நானும் நம்பிட்டேனே. கேக்கணும்னு தோணலியே எனக்கு. எனக்குக் கட்டிலுக்காவ உக்காந்திருந்த நெழலயே அறுத்திருக்காரு மனுசன்." பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், மறைக்காமல், கொடை மேளச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்படி அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் புருஷனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்கதான தட்டுனீக. தெரியலியா?"

"மொதத் தட்டுலயே தெரிஞ்சிட்டு."

"பெறவு ஏன் தேக்குன்னு சொன்னீக?"

"மாமா கீழ பாத்துட்டு நின்னாரு," என்றார் சொரிமுத்து.

ஆவுடையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் கட்டிலுக்குப் பாலீஷ் இழுத்ததெல்லாம் அவளுக்கு அப்போது வரிசையாகப் புரிந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அத்தனை பிரியமாகப் பார்த்தது கிடையாது. அவருக்குக் கூச்சமாகப் போய், வேட்டியைத் தேவையில்லாமல் அவிழ்த்துக் கட்டிக்கொண்டார்.

செண்பகவடிவு இவ்வளவு நேரம் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். இப்போது மெல்ல வந்து, ஒரு தடவைகூட உட்காராத அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், கையால் சட்டத்தைத் தடவினாள், பிறகு காலையும் மேலே எடுத்து வைத்துக்கொண்டாள். "ஏ ஆவுட, மண்ணுல உக்காராத, இங்க வா," என்றாள். "நான் வாயி பெருத்தவ, மனசுல வச்சுக்கிடாத. உங்கப்பா நெழலு நல்லா குளுந்து கெடக்கு."

சங்கரலிங்கம் அன்றைக்கே ஆள் அனுப்பினார், தன் அசல் தேக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டு இதைக் கொடுத்துவிட முடியுமா என்று. "மத்தியானம் வேணா அண்ணாச்சிய வந்து படுத்துட்டுப் போகச் சொல்லு" என்று ஆவுடையம்மாள் பதில் அனுப்பினாள். அவர் வந்து படுத்துவிட்டும் போனார்.

மறுநாள் அவள் சொன்னபடி சொரிமுத்து பாலீஷைச் சுரண்ட ஆரம்பித்தார். இருபத்தாறு பூச்சு, உப்புத்தாளுக்கு எளிதில் மசியாமல் அது மூன்று நாள் எடுத்துக்கொண்டது. வாழ்க்கையில் அவர் ஒரு மரத்தை அதன் நிறத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை, உள்ளே கருப்பட்டி நிறத்தில் வரிவரியாகப் பூவரசு இருந்தது. வீட்டுக்கு எந்த மரம் நல்லது என்று கேட்டு வருகிறவர்களை ஆவுடையம்மாள் உள்ளறைக்குக் கூட்டிப்போய் இப்போது அதைத்தான் காட்டுகிறாள், பல்பும் பழையபடி எரிகிறது.

ஆனால் பகலில் வருகிறவர்களுக்கு அதைக் காட்ட முடியாது, கட்டில் வெளியே போயிருக்கும். பஸ் நிறுத்தத்துக்குத் தெற்கே, கம்பியில் ஒரு கிழிந்த குடையைக் கட்டிக்கொண்டு ஐயாத்துரை என்பவர் வெயிலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். சுரண்டி முடித்த அன்று காலை பத்து மணிக்கு ஆவுடையம்மாள் நாலு பேரை வைத்துக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டாள், ஐந்து மணிக்குத் திரும்ப எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஐயாத்துரை குடையை மடக்கி வைத்துவிட்டு ஒரு டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்கினார். தினமும் அப்படியே நடக்கலாயிற்று. முதல் நாள் சாயங்காலம் கட்டில் வீட்டுக்குள் வந்தபோது, சட்டமெல்லாம் பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் வாசனை. சொரிமுத்து ஈரத்துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனார். ஆவுடையம்மாள் அவர் கையைப் பிடித்துத் துணியை வாங்கிக் கொடியில் போட்டாள்.